சோலைக்கும் ஆற்றோரக் காட்டுக்கும் கோடு எங்கே?

முதுமலைப் பக்கம் திட்டப்பணி செய்யும் தாவரவியல் மாணவர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: நீலகிரி மேட்டுநிலத்தில் முக்கூர்த்தியை ஒட்டியுள்ள சோலைகளை, அதாவது புல்வெளிக்கு நடுவே திட்டாக நிற்கும் குட்டையான பசுமைமாறாக் காடுகளை, வனத்துறையின் பணித்திட்டம் (காட்டை நிர்வகிக்க எழுதும் ஆவணம்) 'தென்னக மலை ஈரக் குளிர்மிதவெப்பக் காடு' என்று குறிக்கிறது, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் வகைப்பாடு அதே காட்டை லிட்சியா–சைஜீஜியம்–மைக்ரோட்ரோபிஸ் வகை என்கிறது, உடன் வரும் வேட்டைத் தடுப்புக் காவலர் சோலை என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார். மலையிறங்கி மாயாற்றங்கரைக்கு வந்தால், அங்கே நீர்மருது வரிசையாக நிற்கும் காட்டுக்கு எந்த வரைபடத்திலும் தனி நிறமே இல்லை. இவற்றுள் எது சரி, அறிக்கையில் 'காட்டு வகை' என்னும் கட்டத்தில் எதை எழுதுவது என்கிறார்.

பெயர்களுள் ஒன்றைத் தேர்ந்து தரச் சொல்வது போலத் தோன்றினாலும், அவர் உள்ளபடி கேட்பது, இந்தப் பிரிவுகள் காட்டிலேயே இருக்கின்றனவா, அல்லது நம் வசதிக்காக நாம் போட்டுக்கொண்ட கோடுகளா என்பதுதான். இதற்கு ஒரே விடை கிடையாது. சில எல்லைகள் காலால் மிதித்துத் தாண்டக்கூடிய அளவுக்குக் கண்கூடானவை. சில எல்லைகள் பல நூறு மீட்டர் உயரத்துக்குக் கரைந்து கிடப்பவை. எந்த எல்லை எந்த வகையைச் சேர்ந்தது என்று தெரிந்துகொண்டால், பெயர்ச் சண்டை பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: என் பழக்கமெல்லாம் மரக் கணக்கெடுப்பில் வந்தது. புற்கள், பாசிகள், கிளைகளில் தொற்றி வளரும் ஆர்க்கிடுகள் ஆகியவற்றை வைத்து இதே காடுகளைப் பிரிப்பவர் வேறு கோடுகளைப் போடக்கூடும். கீழே நான் எழுதுவது மரங்களை வைத்துச் சொல்வது.

வனத்துறை பயன்படுத்தும் பெயர் வனவியலாளர் சாம்பியன் 1936இல் இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் சேர்த்துத் தயாரித்து, பின்னர் 1968இல் சேத்துடன் இணைந்து திருத்திய வகைப்பாட்டிலிருந்து வருவது. நாட்டின் காடுகள் அனைத்தையும் அது 16 தொகுதிகளில் அடக்குகிறது. அதன் அடிப்படை வெப்பமும் மழையும், அவற்றுக்கேற்ப அமையும் காட்டின் தோற்றமும்தான். எந்த இனம் இருக்கிறது என்பது அடுத்த படியில்தான் வரும். பணித்திட்டங்களில் காணும் 11ஏ/சி1 போன்ற குறியீட்டைப் படிக்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். 11 என்பது மலை ஈரக் குளிர்மிதவெப்பக் காடுகள் என்னும் தொகுதி. ஏ என்பது தென்னகம். சி என்பது அந்தத் தட்பவெப்பத்தில் வழிமுறை வளர்ச்சி (காடு படிப்படியாக மாறி முதிரும் போக்கு) சென்று முடியும் உச்சநிலை என்று அவர்கள் கருதியது. சி இருக்க வேண்டிய இடத்தில் இ வந்தால் மண்ணால் அமைந்த வகை, டிஎஸ் வந்தால் சிதைந்த நிலை. ஆக, அந்த ஒரு குறியீட்டுக்குள்ளேயே காட்டின் வரலாறு பற்றிய ஒரு தீர்ப்பும் ஒளிந்திருக்கிறது. கட்டத்தில் சி என்று எழுதுகிறவர் தெரிந்தோ தெரியாமலோ அந்தத் தீர்ப்புக்கும் கையெழுத்துப் போடுகிறார்.

நாடு முழுவதற்கும் ஒரே சட்டகம் என்பதுதான் இந்த முறையின் பலம். ஒரு சரகத்தின் கணக்கை இன்னொரு மாநிலத்தின் கணக்கோடு வைத்துப் பார்க்க இதை விட்டால் வேறு வழியில்லை. பலவீனமும் அங்கேதான். 11ஆம் தொகுதியில் நீலகிரிச் சோலையோடு கிழக்கு இமயமலைக் காடும் சேர்ந்து நிற்கிறது. அங்கே ஓக் மரங்கள் காட்டையே ஆள்கின்றன; மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கையாக வளரும் ஓக் மரம் ஒன்றுகூட இல்லை. இரண்டிலும் மரங்கள் குட்டையாகவும், பாசி போர்த்தும், என்றும் பசுமையாகவும் இருக்கின்றன என்பதால் தோற்றத்தில் உறவு உண்டு. ஆனால் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில்கூட மிகச் சூடான மாதத்துக்கும் மிகக் குளிரான மாதத்துக்கும் சராசரி வேறுபாடு ஐந்தாறு டிகிரிக்குள் அடங்கிவிடும்; இரவுக்கும் பகலுக்கும் உள்ள வேறுபாடே அதைவிடப் பெரிது. குளிர்காலம், கோடைக்காலம் என்று ஆண்டு இரண்டாகப் பிளக்கும் நாடுகளுக்கு உரிய 'குளிர்மிதவெப்பம்' என்னும் அடைமொழி இங்கே ஒட்டவில்லை என்று பலர் எழுதியிருக்கிறார்கள், என் எண்ணமும் அதுவே. வெப்பமண்டல மலைக்காடு என்பதே பொருத்தம். ஆனாலும் அரசு ஆவணத்தில் பழைய பெயர்தான் நடப்பு.

பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பாதை வேறு. கௌசன், லெக்ரி முதலானோர் 1961இல் கன்னியாகுமரித் தாளில் தொடங்கி 1:10,00,000 அளவில் தாவர வரைபடங்களை வெளியிட்டார்கள். 1980களில் பாஸ்கல் 1:2,50,000 அளவில் மேற்குத் தொடர்ச்சி மலையின் காடுகளை விரிவாக வரைந்தார். ஈரப் பசுமைமாறாக் காடுகளை அவர் இரண்டு போக்குகளை வைத்து அடுக்கினார்: மேலே ஏற ஏறக் குறையும் வெப்பம், தெற்கிலிருந்து வடக்கே போகப் போக நீளும் வறண்ட மாதங்கள். மழையின் மொத்த அளவைவிட, மழையில்லாத மாதங்களின் எண்ணிக்கைதான் எந்த மரம் எதுவரை போகும் என்பதை முடிவு செய்கிறது என்பது அந்த வேலையிலிருந்து நான் கற்ற பெரும் பாடம். இந்த இரண்டு போக்குகளும் வெட்டிக்கொள்ளும் ஒவ்வொரு கட்டத்துக்கும், அங்கே மிகுந்திருக்கும் அல்லது அங்கு மட்டுமே காணப்படும் மரங்களின் பெயரை அவர் வைத்தார்.

இந்த முறை மிக நன்றாகப் பொருந்துவது ஏறத்தாழ 700 முதல் 1,400 மீட்டர் வரையுள்ள காட்டில்தான். களக்காடு மலையின் காக்காச்சி, ஆனைமலை, அமைதிப் பள்ளத்தாக்கு எங்கே போனாலும் அந்த உயரத்தில் வெடிப்பலா, நாங்கு, பலாகுவியம் மூன்றும் சேர்ந்து நிற்கும். உச்சியை அண்ணாந்து பார்க்கத் தேவையில்லை, தரையே சொல்லிவிடும். உதிர்ந்து கிடக்கும் இலையொன்றைப் புரட்டும்போது அடிப்பக்கம் வெள்ளியும் பழுப்பும் கலந்த செதில் பூச்சு மினுங்கினால் தலைக்கு மேலே வெடிப்பலா. பக்கத்திலேயே அதன் முள்காய் பிளந்து கிடக்கும், சில வேளை சோலைமந்தி கடித்துப் போட்ட மிச்சமாக. சிவந்த துளிர் காட்டினால் நாங்கு. பட்டையைச் சற்றே கீறினால் வெண்பால் சுரந்தால் பலாகுவியம். 1,400 மீட்டருக்கு மேலே வெடிப்பலா அருகி, அடுத்த சில நூறு மீட்டருக்குள் காணாமலே போகிறது. 'வகை' என்னும் சொல்லுக்கு ஒரு மெய்யான அடையாளம் வேண்டுமென்றால் இதைத்தான் காட்டுவேன்.

ஆனால் அதே முறை உயரமான சோலைகளுக்கு வரும்போது தடுமாறுவதைக் கவனியுங்கள். லிட்சியா, சைஜீஜியம், மைக்ரோட்ரோபிஸ் மூன்றும் பேரினங்களின் பெயர்கள். இனங்களின் பெயர்கள் அல்ல. 1,800 மீட்டருக்கு மேலே ஒரு சோலைக்கும் அடுத்த சோலைக்கும் ஆளும் மரம் மாறிவிடுகிறது. ஒன்றில் சைஜீஜியம் இனங்கள் மிகுந்திருக்கும். கூப்பிடு தூரத்தில் இன்னொன்றில் காட்டுச் செண்பகமும் லவங்கமும் மிகுந்திருக்கும். எந்த இனத்தையும் எல்லாவற்றுக்கும் பொதுவாகச் சொல்ல முடியாததால்தான் பேரின அளவில் நிறுத்திக்கொண்டார்கள் என்று நான் படிக்கிறேன். ஆகவே இந்தப் பெயருக்கு வெடிப்பலா வகைக்கு உள்ள அதே நம்பகத்தைக் கொடுக்கக் கூடாது. சோலைகள் புல்வெளிக் கடலில் தீவு தீவாகக் கிடப்பவை என்பதால், எந்த விதை எந்தத் தீவுக்கு எப்போது வந்து சேர்ந்தது என்ற தற்செயலுக்கும் இதில் பங்கு இருக்கலாம். இது ஊகமே, நிறுவப்பட்டதாகச் சொல்ல மாட்டேன்.

எல்லைகள் மெய்யா என்னும் கேள்வி இந்தத் துறையின் பழைய வழக்கு. அமெரிக்காவில் கிளெமென்ட்ஸ் 1916இல் தாவரக் குழுமத்தைப் பிறந்து, வளர்ந்து, முதிரும் ஓர் உயிரியாகவே கண்டார். கிளீசன் 1926இல் அதை மறுத்து, ஒவ்வோர் இனமும் தன் தேவைக்கேற்பத் தனித்தனியே இடம்பிடிக்கிறது, நாம் குழுமம் என்பது அந்த இடங்கள் தற்காலிகமாக ஒன்றன்மேல் ஒன்று படிந்த தோற்றம்தான் என்றார். மலைக்காட்டை வைத்தே இதைச் சோதித்தவர் விட்டேக்கர். கிரேட் ஸ்மோக்கி மலைகளில் உயரத்தை ஓர் அச்சாகவும், ஓடைப் பள்ளத்திலிருந்து வறண்ட மேட்டு விளிம்பு வரையுள்ள ஈரத்தை மற்றோர் அச்சாகவும் கொண்டு மரங்களை எண்ணி, 1956இல் முடிவை வெளியிட்டார். மரங்கள் கூட்டமாகத் தொடங்கிக் கூட்டமாக முடியவில்லை. ஒவ்வொன்றும் தனக்கென ஓர் உச்சத்தை எட்டி, மற்றவற்றின் எல்லைக்குள் புகுந்து, மெல்லத் தேய்ந்தது. இன்று பெரும்பாலோர் கிளீசன் பக்கமே சாய்ந்து நிற்கிறார்கள். ஆனால் அதிலிருந்து 'அப்படியானால் வகைகளே இல்லை' என்று முடிவு கட்டுவது அவசரம். சூழல் மெல்ல மாறும் இடத்தில் தாவரமும் மெல்ல மாறும். சூழல் சடாரென்று மாறும் இடத்தில் இனங்கள் தனித்தனியே முடிவெடுத்தாலும் எல்லாம் ஒரே இடத்தில்தான் நின்றுபோகும். கேட்டவரின் களத்தில் இந்த இரண்டுக்கும் எடுத்துக்காட்டு உண்டு.

முக்கூர்த்தியில் சோலைக்கும் புல்வெளிக்கும் இடையே உள்ள விளிம்பு சில எட்டுகளில் தாண்டக்கூடியது. காட்டுப்பூவரசு என்னும் ரோடோடென்ட்ரான் மட்டும் விளிம்பிலும் புல்லின் நடுவே தனியாகவும் நிற்கும். மற்றச் சோலை மரங்கள் அந்தக் கோட்டைத் தாண்டுவது அரிது. இந்தப் புல்வெளி எப்படி வந்தது என்பதில் 1938இலேயே இரு கட்சி: ரங்கநாதன் உறைபனியால் மரக்கன்று பிழைக்காத இடம் என்றார், போர் (Bor) என்னும் தாவரவியலாளர் தீயால் தடுக்கப்பட்ட காடு என்றார். சுகுமாரும் அவருடன் பணியாற்றியவர்களும் நீலகிரிக் கரிச்சேற்றில் (மட்கிய தாவரப் படிவில்) உள்ள கார்பன் ஓரிடத்தான்களை, அதாவது புல்லுக்கும் மரத்துக்கும் விகிதம் வேறுபடும் கார்பன் வடிவங்களை, அளந்து 1993இல் வெளியிட்ட ஆய்வு, கடந்த ஏறத்தாழ 20,000 ஆண்டுகளில் தட்பவெப்பத்துக்கு ஏற்பப் புல்லும் மரமும் மாறி மாறி மேலோங்கியதைக் காட்டியது. புல்வெளி மனிதன் காட்டை அழித்து உண்டாக்கியது என்னும் பழைய எண்ணம் இதனால் நிற்காமல் போயிற்று, இவ்வளவும் உறுதி. இன்றைய விளிம்பு துல்லியமாக அந்த இடத்தில் நிற்பதில் பனிக்கு எவ்வளவு பங்கு, தீக்கும் மேய்ச்சலுக்கும் எவ்வளவு பங்கு என்பது இன்னும் தீராத பேச்சு. விளிம்பு மெய், அதன் காரணம்தான் விவாதத்தில் இருக்கிறது.

இங்கே ஒரு சிக்கலையும் கவனிக்க வேண்டும். மலைக்காடு ஒரு பிரிவு, ஓடைக்கரைக் காடு இன்னொரு பிரிவு என்று கேள்வி பிரித்துக்கொண்டது. மேட்டுநிலத்தில் அந்தப் பிரிப்பே செல்லாது. சோலைகள் பெரும்பாலும் மலை மடிப்புகளிலும், ஓடை பிறக்கும் தலைப்பகுதிகளிலும்தான் ஒதுங்கியிருக்கின்றன; ஏறக்குறைய எந்தச் சோலைக்குள் நுழைந்தாலும் நடுவே நீர் கசிந்து ஓடும். அப்படியென்றால் அது மலைக்காடா, ஓடைக்காடா? இரண்டும்தான். அதே ஓடை கீழே அகன்ற, தட்டையான பள்ளத்தை அடைந்ததும் கரையில் மரமே இருக்காது. சேற்றுப் புல்லும் கோரையும் மட்டும் இருக்கும், ஏனென்றால் குளிர்காற்று வழிந்து வந்து தேங்கி உறைபனி கடுமையாக விழும் இடம் அது. தண்ணீர் உள்ள இடத்திலெல்லாம் ஓடைக்கரைக் காடு இருக்கும் என்று எண்ணிக்கொண்டு போகிறவர் அந்தப் பள்ளங்களில் திகைத்து நிற்பார்.

இந்த ஓடைகள் சேர்ந்து பைக்காராவாகி, நீலகிரியின் வடசரிவில் விழுந்து, மாயாறு என்ற பெயரில் முதுமலைக்குள் நுழைந்து, தெப்பக்காட்டைக் கடந்து, பள்ளத்தாக்கில் இறங்கி, தெங்குமரஹடா வழியாகப் பவானிசாகரை அடைகின்றன. 2,000 மீட்டருக்கு மேலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் வரை ஒரே ஆற்றின் கரையில் இவ்வளவு வேறுபாட்டையும் பார்க்க முடிவது திட்டப்பணிக்குக் கிடைத்த பெரும் வாய்ப்பு. தெப்பக்காட்டுப் பக்கம் கரைக்கு அப்பால் இலையுதிர் காடு: தேக்கு, வெக்காலி, கருமருது, வேங்கை. கிழக்கே சீகூர் நோக்கிப் போகப் போக மழை பாதிக்கும் கீழாகக் குறைந்து, உசில், வெள்வேல், கிளுவை நிறைந்த முட்காடாகிறது. கரை மட்டும் இரண்டு இடங்களிலும் நீர்மருது, புங்கு, நாவல், அத்தி என்று ஏறக்குறைய ஒரே முகம் காட்டுகிறது. சுற்றியுள்ள காடு தலைகீழாக மாறும்போதும் கரைக்காடு மாறாமல் இருப்பதுதான் ஆற்றோரக் காட்டை ஒரு தனி வகையாகக் கொள்வதற்கு என்னிடம் உள்ள வலுவான வாதம். அதன் மரங்கள் வானத்து மழையைவிட ஆற்று நீரையும் வண்டலையும் நம்பி வாழ்பவை.

அந்த எல்லையை அறிய கருவி எதுவும் வேண்டாம். நீர்மருதும் கருமருதும் ஒரே பேரினம்; இரண்டின் காயிலும் ஐந்து சிறகுகள். ஆனால் நீர்மருதின் பட்டை வழவழப்பாக, வெளிர்ச் சாம்பலாக, தகடு தகடாக உரியும். கருமருதின் பட்டை கறுத்து, முதலைத் தோல் போலக் கட்டம் கட்டமாக வெடித்திருக்கும். நீர்விளிம்பிலிருந்து கரையேறி நடக்கும்போது, வெளிர்ப்பட்டை எங்கே தீர்ந்து கரும்பட்டை எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால் போதும். சில இடங்களில் அது ஐம்பது மீட்டருக்குள் முடிந்துவிடும். வண்டல் திட்டு அகன்ற வளைவுகளில் இன்னும் உள்ளே போகும். வெள்ளைமுதுகுப் பாறுகள் இந்தப் பள்ளத்தாக்கில் கூடு கட்டுவதற்குப் பெரிதும் தேடுவது கரையோர நீர்மருது மரங்களைத்தான். அவற்றைத் தேடிப் போகிறவர்களுக்கு இந்த வகைப்பாடு ஏட்டளவில் நிற்பதில்லை.

இவ்வளவு தெளிவான காட்டுக்கு வரைபடத்தில் ஏன் நிறம் இல்லை? அளவுதான் காரணம். 1:2,50,000 அளவில் ஒரு மில்லிமீட்டர் தரையில் 250 மீட்டர். ஐம்பது மீட்டர் அகலக் கரைக்காடு தாளில் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. அதை அச்சிடவே முடியாது. சாம்பியன்–சேத் பட்டியலில் இதற்கு இடம் உண்டு: 4இ/ஆர்எஸ்1, ஆற்றோர விளிம்புக் காடு (இங்கே இ உட்தொகுதியின் எழுத்து, மண்வகையைக் குறிக்கும் இ அல்ல). 4 என்பது கடலோர, சதுப்புக் காடுகளின் தொகுதி. அலையாத்திக் காடும் மிரிஸ்டிகா (காட்டுச் சாதிக்காய்) மரச் சதுப்பும் அதே தொகுதியில்தான் இருக்கின்றன. மாயாற்று நீர்மருதை பிச்சாவரத்துச் சுரபுன்னையோடு ஒரே தலைப்பில் பார்ப்பது விசித்திரமாக இருக்கும். ஆனால் தட்பவெப்பத்தை மீறி நீரால் தீர்மானிக்கப்படும் காடுகள் பெரும்பாலும் அங்கே ஒதுக்கப்பட்டிருக்கின்றன என்று புரிந்துகொண்டால் அதில் ஒரு நியாயம் தெரியும். குறை என்னவென்றால், நாடெங்குமுள்ள ஆற்றோரக் காடுகள் பலவற்றை இந்த ஒரே பெயருக்குள் அடக்கியதால் உட்பிரிவுகள் தெரியாமல் போகின்றன. ஐரோப்பாவில், இனப் பட்டியலை வைத்துத் தாவரக் குழுமங்களை வகைப்படுத்திய பிரான்-பிளாங்கே வழிவந்தவர்கள், நெடுநாள் வெள்ளத்தில் நிற்கும் வில்லோ, பாப்ளர் காட்டையும், எப்போதாவது வெள்ளம் தொடும் ஓக், எல்ம், ஆஷ் காட்டையும் தனித்தனி வகைகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அத்தகைய நுட்பமான ஏணி நம் ஆறுகளுக்கு இன்னும் முழுமையாகக் கட்டப்படவில்லை.

இருந்தாலும் மாயாற்றிலேயே அந்த அடுக்கு கண்ணுக்குத் தெரியும். பாறையும் கூழாங்கல்லும் கிடக்கும் படுகையில், வெள்ளம் தலைக்கு மேல் ஓடினாலும் வளைந்து கொடுத்துப் பிழைக்கும் ஹோமோனோயா புதர். அதற்கு மேல் வேர் நீரைத் தொட நிற்கும் நீர்மருது. அதற்கும் மேலே நாவலும் மாவும் மூங்கிலும் கலந்த, மெல்ல இலையுதிர் காட்டோடு சேரும் பட்டை. முதல் இரண்டும் தனித்தன்மை உடையவை என்பதில் எனக்கு ஐயமில்லை. மூன்றாவதைத் தனி வகை என்பதா, இடைநிலை என்பதா என்பது அவரவர் வைத்துக்கொள்ளும் அளவுகோலைப் பொறுத்தது. இன்னொன்று: இந்தத் தெளிவெல்லாம் வறண்ட பக்கத்தில்தான். ஆண்டில் பெரும்பகுதி மழை பெய்யும் மேற்குச் சரிவில் காடு முழுவதுமே ஈரமாக இருப்பதால், கரை மரங்களும் உள்காட்டு மரங்களும் பெருமளவு ஒன்றே. அங்கே ஆற்றோரக் காடு என்று தனியே கோடு போட்டால் அது நாம் போட்டதாகத்தான் இருக்கும். வெள்ளத்தின் போக்கையும் மறக்க வேண்டாம். பைக்காரா நீர்மின் திட்டம் 1932இலிருந்து இயங்குகிறது. மேலேயுள்ள அணைகளும் மின்நிலையங்களும் விடும் அளவிலேயே மாயாற்றில் நீர் ஏறி இறங்குகிறது. இன்று நிற்கும் முதிய நீர்மருதுகள் வேறொரு நீரோட்டத்தில் முளைத்தவையாக இருக்கலாம். கன்றுகளும் இளமரங்களும் எந்த மட்டத்தில் இருக்கின்றன என்று எண்ணாமல், பெரிய மரங்களை மட்டும் வைத்து வகையைச் சொன்னால், பழைய ஆற்றின் காட்டுக்குப் பெயர் வைத்தவர் ஆவீர்கள்.

இனிக் களத்தில் செய்ய வேண்டியது. சோலையில் 20 மீட்டருக்கு 20 மீட்டர் சதுரங்கள் சரிதான். கரையில் அதே சதுரத்தைப் போட்டால் படுகை, கரை, காடு மூன்றும் ஒரே கணக்கில் கலந்துவிடும். ஆற்றுக்கு இணையாக 5 மீட்டர் அகல, 50 மீட்டர் நீளப் பட்டைகளாக, ஒவ்வொரு மட்டத்துக்கும் தனியே போடுங்கள். மார்பளவு உயரத்தில் 30 சென்டிமீட்டர் சுற்றளவுக்கு மேற்பட்ட மரங்களை அளப்பதோடு, கோடை நீர்மட்டத்திலிருந்து பட்டை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, தரை பாறையா, மணலா, வண்டலா, கிளைகளில் வெள்ளம் விட்டுச்சென்ற சருகும் குச்சியும் எந்த உயரத்தில் சிக்கியிருக்கின்றன என்பதையும் எழுதுங்கள். கரைக்காட்டை விளக்கும் தகவல் மரப் பட்டியலைவிட இந்தக் குறிப்புகளில் அதிகம். முக்கியத்துவ மதிப்பை (அடர்த்தி, பரவல், அடிப்பரப்பு மூன்றின் நூற்றுவீதங்களையும் கூட்டி முன்னூறுக்குச் சொல்லும் எண்) கணக்கிடும்போது ஓர் எச்சரிக்கை: அடிப்பரப்பு, அதாவது மார்பளவில் தண்டின் குறுக்குவெட்டுப் பரப்பு, சுற்றளவின் வர்க்கத்தோடு கூடுவதால், 4 மீட்டர் சுற்றளவுள்ள ஒற்றை நீர்மருது, 30 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள மரங்கள் ஏறத்தாழ 178க்குச் சமம். குறுகிய பட்டையில் அப்படி ஒரு கிழமரம் விழுந்துவிட்டால் முன்னூறுக்குள் அதுவே பெரும்பங்கை விழுங்கிவிடும். அடர்த்தி, பரவல், அடிப்பரப்பு மூன்றையும் கூட்டித் தரும் எண்ணோடு, தனித்தனியாகவும் அட்டவணையில் காட்டுவதே நேர்மை.

பிறகு கணினியில் தொகுப்புப் பகுப்பாய்வு (ஒத்த பட்டைகளைக் குழுக்களாகச் சேர்க்கும் கணக்கு) செய்வீர்கள். அது கேட்டால் கேட்டபடி பிரித்துத் தரும். இடைவெளியே இல்லாத தொடர்ச்சியான தரவைக் கொடுத்தாலும் நான்கு குழு கேட்டால் நான்கு குழு தரும். 20 இனம் உள்ள ஒரு பட்டையும் 16 இனம் உள்ள இன்னொன்றும் 9 இனங்களைப் பகிர்ந்துகொண்டால் சோரென்சன் ஒற்றுமை (பொது இனங்களின் பங்கைக் காட்டும் எண்; 1 என்றால் முழு ஒற்றுமை) 0.5, அது ஒரே வகையா, இரு வகையா என்பதை அந்த எண் சொல்லாது, நீங்கள் வெட்டும் இடம்தான் சொல்லும். ஆகவே கிளைப்படத்தோடு நிறுத்தாமல், அதே பட்டைகளை உயரம், நீர்மட்டத்திலிருந்து தூரம் ஆகிய அச்சுகளில் வரிசைப்படுத்தியும் பாருங்கள். புள்ளிகள் திட்டுத் திட்டாகப் பிரிந்து நின்றால் வகை என்று சொல்லலாம். ஒரே கோடாக நீண்டால், நீங்கள் பெயர் வைக்கப்போவது ஒரு தொடர்ச்சியின் துண்டுகளுக்கு என்று அறிக்கையிலேயே எழுதிவிடுங்கள். தேர்வாளர் அதற்காக மதிப்பெண்ணைக் குறைத்தால் அது உங்கள் பிழை ஆகாது.

எந்தப் பட்டியலிலும் ஒட்டாத சில பரப்புகளும் உங்கள் களத்தில் உண்டு. மேட்டுநிலத்தில் நட்ட சீகை (வாட்டில்) மரத்தோப்புகளுக்குள் இப்போது சோலைக் கன்றுகள் தலைகாட்டுகின்றன. பள்ளத்தாக்கில் ஆற்றுத் திட்டுகளைச் சீமைக் கருவேலமும், கரையை ஒட்டிய வெளிகளை உன்னிச்செடியும் பிடித்திருக்கின்றன. இவற்றைச் சிதைந்த சோலை, சிதைந்த ஆற்றோரக் காடு என்று எழுதும் வழக்கம் எனக்கு உடன்பாடானதில்லை. புல்வெளியில் நட்ட சீகைத்தோப்பு ஒருபோதும் சோலையாக இருந்ததில்லை, ஆகவே சோலையாகச் சிதைந்திருக்கவும் முடியாது. மேலே எது, கீழே முளைப்பது எது என்று இரண்டையும் அப்படியே எழுதினால் போதும்.

கட்டத்துக்கு வருவோம். அது அரசு அலுவலகத்துக்குப் போகும் படிவமானால் சாம்பியன்–சேத் குறியீடே எழுதுங்கள்: மேலே 11ஏ/சி1, கரையில் 4இ/ஆர்எஸ்1. அவர்கள் ஒப்பிட வேண்டியது அவர்களுடைய பழைய கணக்குகளோடுதான். கல்லூரி அறிக்கையானால் குறியீட்டைப் போட்டு, பக்கத்தில் உயரத்தையும், உங்கள் சொந்தக் கணக்கில் மேலே வந்த இரண்டு மூன்று மரங்களின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். சோலைக்கு லிட்சியா–சைஜீஜியம்–மைக்ரோட்ரோபிஸ் என்னும் பெயரை, உங்கள் சதுரங்களில் அந்த மூன்றும் மிகுந்திருந்தால் மட்டும் எடுத்தாளுங்கள். இல்லையென்றால் உங்களுக்குக் கிடைத்ததை எழுதுங்கள். மாயாற்றுக்கு 'நீர்மருது–புங்கு ஆற்றோரக் காடு, சுற்றிலும் முட்காடு' என்பது போல, கரையையும் அதன் பின்னணியையும் சேர்த்துச் சொல்லும் பெயர்தான் படிப்பவருக்கு மிகுந்த தகவல் தரும். படுகைப் புதரை மரக்கணக்கில் சேர்க்காமல் தனி வரியாகக் கொடுங்கள், ஏனென்றால் 30 சென்டிமீட்டர் வரம்பு வைத்த எந்தக் கணக்கிலும் ஹோமோனோயா வராது.